அட்டையின் உட்பக்கத்துப் பெயர்கள்

ஓர் ஆய்விதழ் கைக்கு வந்தால் முதலில் நான் திருப்பிப் பார்ப்பது அட்டையின் உட்பக்கத்தை. கட்டுரைத் தலைப்புகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பதிப்பாசிரியர் குழுவில் யார் யார் இருக்கிறார்கள், கணிதத்தின் பகுப்பாய்வுப் பிரிவில் ஒரு கட்டுரை வந்தால் படிக்க ஆள் இருக்கிறதா, புள்ளிவிபரவியலுக்கு யார், திண்மப் பௌதிகவியலுக்கு யார் என்று ஒரு நோட்டம் விட்டாலே உள்ளே இருப்பதன் தரம் பாதி பிடிபட்டுவிடும். மீதிப் பாதியை அட்டை சொல்லாது. அந்தப் பெயர்களுக்கு உரியவர்களில் எத்தனை பேர் வருகிற கட்டுரைகளை உண்மையாகவே படிக்கிறார்கள் என்பதுதான் அது.

பௌதிக விஞ்ஞானத்துக்கும் கணிதத்துக்குமான ஒரு சிறிய ஆய்விதழின் குழுவில், யாழ்ப்பாணத்தில் இருந்தபடி பல ஆண்டுகளாக வேலை செய்துவருகிறேன். இதற்குச் சம்பளம் கிடையாது. கட்டுரைகளை மதிப்பாய்வு செய்து தருகிறவர்களுக்கும் கிடையாது. உலகின் பெரும்பாலான ஆய்விதழ்கள் இப்படித்தான் நடக்கின்றன. ஆகவே இந்த வேலையில் நிலைத்திருப்பவருக்கு இதன்மேல் ஒரு பற்று இருக்க வேண்டும். எனக்கு இருக்கிறது. அந்தப் பற்றோடுதான் இதை எழுதுகிறேன், கொஞ்சம் கோபத்தோடும்.

கோபத்துக்குக் காரணம், அண்மையில் ஓர் இளம் விரிவுரையாளர் காட்டிய மின்னஞ்சல். 'சர்வதேச' என்று தொடங்கும் நீளமான பெயருடைய ஏதோ ஓர் ஆய்விதழ் அவரைத் தன் பதிப்பாசிரியர் குழுவில் சேர்த்துக்கொண்டதாக அறிவித்திருந்தது. "சேர், ஒரு படமும் சுயவிபரக் கோவையும் மட்டும்தான் கேட்டார்கள்" என்றார். முகத்தில் அத்தனை மகிழ்ச்சி. படிக்கச் சொல்லி இதுவரை ஒரு கட்டுரையாவது அனுப்பினார்களா என்று கேட்டேன். இல்லை. பிரதம பதிப்பாசிரியர் யார்? தெரியாது. கட்டுரை வெளியிட எவ்வளவு கட்ட வேண்டும் என்பது மட்டும் மின்னஞ்சலின் அடியில் டொலரில் தெளிவாக இருந்தது. அந்தப் பிள்ளை கெட்டிக்காரர், நல்ல ஆய்வு செய்கிறவர். அவருடைய நல்ல பெயரைச் செலவில்லாமல் எடுத்துத் தங்கள் வாசலில் மாட்டிக்கொண்டார்கள்.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதைப் போலந்து ஆய்வாளர்கள் சிலர் 2015இல் சோதித்துப் பார்த்தார்கள். உலகில் இல்லாத ஒரு பெண் விஞ்ஞானியைக் கற்பனையில் உருவாக்கி, பதிப்பாசிரியராவதற்கு எந்தத் தகுதியும் இல்லாத ஒரு சுயவிபரக் கோவையை அவர் பெயரில் எழுதி, 360 ஆய்விதழ்களுக்கு விண்ணப்பித்தார்கள். 48 இதழ்கள் அவரைப் பதிப்பாசிரியராக ஏற்றுக்கொண்டன. அவற்றுள் 40, பணத்துக்காக எதையும் அச்சிடுவதாக ஏற்கெனவே சந்தேகப் பட்டியலில் இருந்த 120 இதழ்களுக்குள் அடங்கியவை. குறைந்தது நான்கு இதழ்கள் அவரைப் பிரதம பதிப்பாசிரியராகவே நியமித்தன. முடிவுகள் 2017இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்தன. கணிதத்துக்கும் இதே கதி நேர்ந்திருக்கிறது. 2012இல் ஒரு கணினி நிரல் சொற்களையும் குறியீடுகளையும் கண்டபடி கோத்து எழுதிய பொருளற்ற கட்டுரையை, சில திருத்தங்களோடு வெளியிடலாம் என்று ஒரு கணித ஆய்விதழ் ஏற்றுக்கொண்டது. அந்த இதழுக்கும் பதிப்பாசிரியர் குழு இருந்தது. பெயர்கள் இருந்தன.

1665 மார்ச் 6ஆம் திகதி இலண்டனில் ஹென்றி ஓல்டன்பேர்க் ரோயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்தின் ஆய்விதழைத் தொடங்கியபோது குழு என்று ஒன்று பின்னால் நிற்கவில்லை. அவர் ஒருவரே கடிதம் வாங்கினார், வாசித்தார், மொழிபெயர்த்தார், அச்சுக்குக் கொடுத்தார். வெளியாட்களிடம் கட்டுரையைக் கொடுத்து அபிப்பிராயம் கேட்கும் முறை எல்லா இடத்திலும் ஊன்றியது மிகவும் பிந்தித்தான். 1936இல் ஐன்ஸ்டீனும் ரோசனும் ஈர்ப்பு அலைகள் இல்லை என்று காட்டும் கட்டுரை ஒன்றை அமெரிக்காவின் 'பிசிக்கல் ரிவியூ'வுக்கு அனுப்பினார்கள். பதிப்பாசிரியர் ஜோன் டேட் அதை மதிப்பாய்வுக்குக் கொடுத்தார். நீண்ட அறிக்கையொன்று திரும்பி வந்தது. அச்சுக்கு முன் வேறொருவருக்குக் காட்ட நான் அனுமதிக்கவில்லையே என்று ஐன்ஸ்டீன் சினந்து கட்டுரையைத் திருப்பி எடுத்துக்கொண்டார். ஆனால் அறிக்கை எழுதியவர் சொன்னதே சரி. அவர் எச். பி. ரொபேர்ட்சன் என்பது 2005 அளவில்தான் வெளியில் தெரிந்தது. முடிவு திருத்தப்பட்ட கட்டுரை பிறகு வேறோர் இதழில் வந்தது. நான் மதிப்பது டேட்டை. எதிரே இருப்பவர் ஐன்ஸ்டீன் என்று தெரிந்தும், எல்லாருக்கும் செய்வதையே அவருக்கும் செய்தார்.

எனக்கு அதைவிடவும் நெருக்கமான கதை ஒன்று இருக்கிறது. கணித மேதை இராமானுஜனைப் பற்றிப் பேசுகிறவர்கள், அவர் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் தொடங்குவார்கள். அதற்கு முன்னரே, 1911இல், இந்தியக் கணிதக் கழகத்தின் ஆய்விதழில் அவருடைய முதற் கட்டுரை வெளிவந்துவிட்டது. பெர்னூலி எண்களின் இயல்புகளைப் பற்றியது. இதழின் பதிப்பாசிரியர் பெங்களூரில் இருந்த நாராயண ஐயங்கார். வந்த கையெழுத்துப் படியில் நிறுவல்கள் பாதியில் பாய்ந்தன. வழக்கமான வாசகர் பின்தொடர முடியாத சுருக்கம். ஐயங்கார் அதைத் தூக்கிப் போடவும் இல்லை, அப்படியே அச்சிடவும் இல்லை. திருத்தி எழுதச் சொல்லித் திருப்பி அனுப்பினார்; மீண்டும் வந்ததை மீண்டும் அனுப்பினார். பின்னாளில் கிடைத்த சென்னைத் துறைமுகக் கந்தோர் வேலைகூட அப்போது கிடைத்திராத, பட்டம் இல்லாத ஓர் இளைஞனுக்காக ஒரு பதிப்பாசிரியர் செலவிட்ட நேரம் அது. அதே இதழின் வினாப் பகுதியில் இராமானுஜன் ஒரு கணக்கும் போட்டார்: ஒன்றுக்குள் ஒன்றாக முடிவில்லாமல் அடுக்கிய வர்க்கமூலங்களின் பெறுமானம் என்ன? வாசகர் எவரும் விடை அனுப்பாததால் அவரே சொன்னார்: 3. கழகம் தொடங்கி அப்போது நான்கு ஆண்டுகள்தான். வெளியுலகம் அறியாத சின்ன இதழ். அந்தச் சின்ன இதழ் இருந்தபடியால்தான் அவருக்குத் தன் சிந்தனையை இன்னொருவர் படிக்கும்படி எழுதிப் பழக ஓர் இடம் கிடைத்தது.

இனி எங்கள் மேசைக்கு வருகிறேன். ஒரு கட்டுரை வந்தால் பிரதம பதிப்பாசிரியர் மேலோட்டமாகப் பார்ப்பார். வேறெங்காவது வெளிவந்ததா, பிரதி எடுத்ததா, எங்கள் எல்லைக்குள் அடங்குகிறதா என்று பார்த்துவிட்டு, குழுவில் ஒருவரிடம் ஒப்படைப்பார். அவர் இரண்டு மதிப்பாய்வாளர்களைத் தேட வேண்டும். இங்கேதான் மாதங்கள் போகின்றன. எழுதினால் பலர் பதில் போடுவதில்லை. சிலர் சம்மதித்துவிட்டு மௌனமாகிவிடுவார்கள். சிலர் இரண்டு வரியில் 'நன்று, வெளியிடலாம்' என்று எழுதி அனுப்புவார்கள். அந்த இரண்டு வரியை நான் அறவே நம்புவதில்லை.

அப்படி இரண்டு வரியில் பாராட்டுப் பெற்ற கட்டுரை ஒன்று ஒருமுறை என் கைக்கு வந்தது. ஒரு புதிய வகைச் சார்புகளைப் பற்றியது. சார்பு என்பது ஓர் எண்ணைக் கொடுத்தால் இன்னோர் எண்ணைத் தரும் விதி. எண்கோட்டின் ஒரு துண்டில், அதாவது ஓர் ஆயிடையில், எந்த இரண்டு புள்ளிகளை எடுத்தாலும், சார்பின் பெறுமானங்களுக்கு இடையிலான வித்தியாசம் அந்தப் புள்ளிகளுக்கு இடையிலான தூரத்தின் வர்க்கத்தை ஒரு மாறிலியால் பெருக்கி வருவதை மிஞ்சக்கூடாது, இதுதான் நிபந்தனை. அதன்மேல் தேற்றங்கள் அடுக்கடுக்காக நின்றன. கூட்டினாலும் அதே வகை, பெருக்கினாலும் அதே வகை, தொகையிட்டால் இன்ன எல்லைக்குள் அடங்கும் என்று நிறுவல்கள் யாவும் சரி. கணித எழுத்துக்கான லேடெக் மென்பொருளில் அழகாக அச்சுக்கோத்திருந்தார்கள். படித்துக்கொண்டே போனபோது ஒன்று உறுத்தியது: உதாரணமாக ஒரு சார்பைக் கூட எங்கும் தரவில்லை.

ஒரு தாளை எடுத்துக்கொண்டேன். ஆயிடையின் நீளம் 1 என்று வையுங்கள். அதை 100 துண்டாக வெட்டினால் ஒவ்வொரு துண்டிலும் சார்பு மாறக்கூடிய அளவு, மாறிலியின் 10,000இல் ஒரு பங்கை மிஞ்ச முடியாது. 100 துண்டுகளையும் சேர்த்தாலும் மொத்த மாற்றம் 100இல் ஒரு பங்குதான். 1,000 துண்டாக வெட்டினால் அது 1,000இல் ஒரு பங்காகும். வெட்ட வெட்ட எல்லை பூச்சியத்தை நோக்கிப் போகிறது. அப்படியானால் சார்பு மாறவே மாறாது. அந்த நிபந்தனைக்கு அடங்குவன மாறிலிச் சார்புகள், அதாவது எங்கும் ஒரே பெறுமானத்தைத் தருபவை, மட்டுமே. கட்டுரையின் தேற்றங்கள் எல்லாம் உண்மை; எல்லாம் மாறிலியைப் பற்றியவை. மாறிலியோடு மாறிலியைக் கூட்டினால் மாறிலி வரும் என்பதைப் பக்கம் பக்கமாக நிறுவியிருந்தார்கள்.

இந்த இடத்தில் குழுவில் இருப்பவர் என்ன செய்கிறார் என்பதில்தான் ஆய்விதழின் மானம் தங்கியிருக்கிறது. 'ஏற்றுக்கொள்ள இயலாமைக்கு வருந்துகிறோம்' என்ற அச்சடித்த வரியோடு அனுப்பிவிடலாம். ஒரு நிமிட வேலை. நான் அந்த அரைப்பக்கக் கணக்கை முழுவதும் எழுதினேன். வர்க்கத்துக்குப் பதிலாக ஒன்றுக்குக் குறைந்த அடுக்கை வைத்தால் அது கணிதத்தில் நன்கு அறியப்பட்ட, செழிப்பான சார்பு வகை என்பதையும், அதில் எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம் என்பதையும் சேர்த்து எழுதினேன். கட்டுரையாளர் வயதில் மிக இளையவர் என்பது எழுத்திலேயே தெரிந்தது. அவருக்கு உதாரணம் தேடும் பழக்கத்தை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அதைச் சொல்லிக்கொடுப்பதும் எங்கள் வேலை.

கடிதம் போவதற்கு முன்பே தொலைபேசி அழைப்பு வந்துவிட்டது. அழைத்தவர் எனக்குக் கற்பித்தவர். நான் பெரிதும் மதிப்பவர். "தம்பி, அந்தப் பிள்ளையின் கட்டுரை எந்த நிலையில் இருக்கிறது? இந்த வருடத்துக்குள் வந்துவிட்டால் அவருக்கு உத்தியோகத்துக்கு உதவியாக இருக்கும்." நான் சொன்னேன்: "சேர், முடிவு கட்டுரையாளருக்கே கடிதமாக வரும். நான் இப்போது எதுவும் சொல்லக்கூடாது." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சரி தம்பி, நீங்கள் முறைப்படி செய்யுங்கள்" என்றார். அந்த வார்த்தைக்காக அவரை இன்னும் அதிகமாக மதிக்கிறேன்.

சின்ன ஊரில் இதுதான் மிகக் கடினமான பகுதி. பெயரை மறைத்து அனுப்பினாலும் தலைப்பைப் பார்த்தவுடனே யாருடைய ஆய்வு என்று தெரிந்துவிடும். வடக்கில் அந்தப் பிரிவில் வேலை செய்கிறவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். நிராகரித்த கட்டுரைக்கு உரியவரை நல்லூர்த் திருவிழாவில் இருபத்தைந்து நாளில் ஒரு நாளாவது கண்டே தீருவோம். கலியாண வீட்டில் பக்கத்துக் கதிரையில் இருப்பார். ஆகவே எழுதப்பட்ட விதி வேண்டும். கட்டுரையாளரோடு ஒரே பல்கலைக்கழகத் துறையில் வேலை செய்பவர், அவருக்குக் கற்பித்தவர், அவரோடு சேர்ந்து எழுதியவர் எவரும் அந்தக் கட்டுரையைக் கையாளக்கூடாது. குழு உறுப்பினரே கட்டுரை தந்தால் அவர் அந்தக் கூட்டத்தில் இருக்கக்கூடாது. பெரிய இடங்களுக்கும் இந்தச் சிக்கல் உண்டு. ஜப்பானில் கியோத்தோவின் கணித ஆய்விதழில், முழு எண்களைப் பற்றிய ஏபிசி எடுகோளை நிறுவியதாகக் கூறும் மொச்சிசூக்கியின் கட்டுரைகள் 2021இல் வெளிவந்தபோது, அந்த இதழின் பிரதம பதிப்பாசிரியரே அவர்தான். அவர் விலகி நின்றார், வேறொரு குழு முடிவெடுத்தது. நிறுவலில் இடைவெளி இருப்பதாக ஜேர்மன் கணிதவியலாளர்கள் ஷோல்சேயும் ஸ்டிக்ஸும் 2018இலேயே எழுதியிருந்தார்கள். விதி கடைப்பிடிக்கப்பட்டது, சந்தேகம் ஓயவில்லை. அப்படியான கட்டுரையை வேறோர் இதழுக்குக் கொடுத்திருப்பதே நல்லது என்பது என் எண்ணம்.

ஏன் இவ்வளவு காலம் எடுக்கிறீர்கள் என்று பிள்ளைகள் கேட்பது நியாயமான கேள்வி. பரிசோதனைக் கட்டுரையில் முறையையும் தரவையும் பார்த்து ஒரு முடிவுக்கு வரலாம். நிறுவலை வரிவரியாக நடந்துதான் பார்க்க வேண்டும். 1993 ஜூனில் அன்றூ வைல்ஸ், முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் தீராமல் இருந்த ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்தை நிறுவியதாக அறிவித்த பின், கையெழுத்துப் படியை ஆறு மதிப்பாய்வாளர்கள் பகுதி பகுதியாகப் பிரித்துப் படித்தார்கள். அவர்களில் ஒருவரான நிக் கற்ஸ், விளங்காத ஒவ்வொரு இடத்தையும் மின்னஞ்சலில் கேட்டுக்கொண்டே போனார். அப்படிக் கேட்ட ஒரு கேள்விக்கு வைல்ஸின் பதில் போதவில்லை. அந்த ஓட்டையை அடைக்க 1994 செப்டெம்பர் வரை சென்றது. அவருடைய முன்னாள் மாணவர் றிச்சர்ட் டெய்லர் கைகொடுத்தார். 1995இல் அச்சில் வந்தது. 'எனக்கு இது விளங்கவில்லை' என்று கூச்சமில்லாமல் எழுதக்கூடிய மதிப்பாய்வாளர் ஒருவர் கிடைத்தால் ஆய்விதழுக்கு அதைவிடப் பெரிய பேறு இல்லை.

ஒரு பெயரை அட்டையில் வைத்திருப்பதும் எடுத்துவிடுவதும் எவ்வளவு பெரிய காரியம் என்பதை 1938 காட்டியது. ஜேர்மனியில் வெளிவந்த கணித மதிப்புரை இதழின் குழுவிலிருந்து, யூதர் என்பதற்காக, இத்தாலியக் கணிதவியலாளர் லெவி-சிவித்தாவின் பெயரை நீக்கினார்கள். பதிப்பாசிரியர் நொய்கபவர் பதவி விலகினார். குழுவில் வேறு பலரும் விலகினார்கள். அமெரிக்கக் கணிதக் கழகம் 1940இல் புதியதொரு மதிப்புரை இதழைத் தொடங்கி நொய்கபவரிடம் கொடுத்தது. இன்றும் உலகெங்கும் கணிதவியலாளர்கள் அதை நாடுகிறார்கள். 2006இல் 'டொப்போலஜி' என்ற கணித இதழின் முழுக் குழுவும் விலை உயர்வைக் கண்டித்து ஒன்றாக விலகியது. வேலை செய்கிற குழுவுக்கு மட்டுமே இப்படி விலகும் வலிமை உண்டு. பெயருக்கு இருந்தவர் விலகினால் யாருக்குத் தெரியும்?

எங்களுக்கு ஏன் ஒரு தனி இதழ், நல்லதை எல்லாம் வெளியே அனுப்பலாமே என்று என் நண்பர்களே கேட்கிறார்கள். மிக நல்லதை வெளியேதான் அனுப்ப வேண்டும். யாழ்ப்பாணத் தமிழரான சி. ஜே. எலியேசர் கேம்பிரிட்ஜில் பௌதிகவியலாளர் டிராக்கிடம் படித்து, இலத்திரனின் கதிர்வீச்சைப் பற்றி 1943இல் எழுதியதை அங்குள்ள கழகத்தின் இதழில்தான் வெளியிட்டார். உலகம் அதை இன்றும் அவர் பெயரால் நினைவு கொள்கிறது. ஆனால் முதற் கட்டுரை எழுதுகிற இருபத்தாறு வயதுப் பிள்ளைக்கு அந்த வாசல் திறக்காது. அங்கே அவருக்குக் கிடைப்பது காரணம் இல்லாத ஒற்றை வரி நிராகரிப்பு. அடுத்து அவர் போகும் இடம், டொலர் கட்டினால் எதையும் அச்சிடும் இடம். இந்த இரண்டுக்கும் நடுவில், படித்துப் பார்த்துக் காரணம் சொல்லும் ஓர் இதழ் இருந்தே ஆக வேண்டும்.

பகிரங்கமாகச் சோதித்துப் பார்ப்பது இந்த மண்ணுக்குப் புதிதும் இல்லை. 1829 மார்ச்சில் வரவிருந்த சந்திர கிரகணத்தை அராலிப் பஞ்சாங்கம் ஒருவிதமாகக் கணித்திருந்தது. வட்டுக்கோட்டைச் செமினரியின் அதிபரான அமெரிக்க மிஷனரி டானியல் பூவர் வேறுவிதமாகக் கணித்து, கிரகணத்துக்கு முன்பே அதை வெளியில் சொன்னார். ஊர் கூடி நின்று பார்த்தது. பூவரின் கணிப்பு பொருந்தியது. கதையை எழுதிவைத்தவர்கள் மிஷனரிமார், அவர்களுக்கு அதில் சமய நோக்கமும் இருந்தது என்பதை மறக்கக்கூடாது. ஆயினும் முதலில் எழுதிவை, பிறகு எல்லாரும் பார்க்கட்டும் என்ற அந்த ஒழுங்கு எனக்குப் பிடித்திருக்கிறது.

1990 ஜூனுக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் பொன்னாகிப் போனது. ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். பத்திரிகைகள் கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சாகின. வெளிநாட்டு ஆய்விதழ்கள் எப்போது வரும், வருமா என்பது ஒருவருக்கும் தெரியாது. அந்தக் காலத்திலும் எங்கள் ஆசிரியர்கள் ஒருவர் எழுதியதை ஒருவர் படித்து, ஓரத்தில் பென்சிலால் கேள்வி எழுதிக் கொடுத்தார்கள். அவர்களின் கேள்விகள் இருந்த தாள்கள் சில இன்னும் என்னிடம் இருக்கின்றன. ஒன்றில்கூட 'நன்று' என்று மட்டும் எழுதியிருக்கவில்லை.

இன்று தேவைப்படுவது ஆட்கள். டொரொண்டோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும், கொழும்பிலும் பேராதனையிலும் இருக்கும் கணித, பௌதிகவியல் அறிஞர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். உங்கள் பெயரை அட்டையில் போட நாங்கள் கேட்கவில்லை. ஆண்டுக்கு ஒரு கட்டுரையைப் படித்துத் தாருங்கள். முடியாவிட்டால் முடியாது என்று ஒரு வாரத்துக்குள் எழுதுங்கள். உங்களிடம் முனைவர்ப் பட்டம் முடித்த, நன்றாகப் படிக்கக்கூடிய ஒருவரின் பெயரையும் அதே கடிதத்தில் தாருங்கள். அறிக்கை ஆங்கிலத்திலோ தமிழிலோ இருக்கலாம். எந்தப் பக்கத்தில், எந்த வரியில் நிறுவல் நிற்கவில்லை என்பதை மட்டும் குறிப்பிட்டு எழுதுங்கள். கட்டுரையாளருக்குச் சொல்ல வேண்டியதை நாங்கள் சொல்லிக்கொள்கிறோம்.